இல்லாத நாடும் நல்ல நாடும்: இலட்சிய உலகுச் சிந்தனையில் உழைப்பின் இடம்

தாமஸ் மோர் 1516-இல் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலுக்கு இட்ட பெயர் 'யுட்டோப்பியா' என்பது. கிரேக்கத்தில் 'டோப்போஸ்' என்றால் இடம். அதன் முன் இன்மைப் பொருள் தரும் ஒட்டைச் சேர்த்து 'எங்கும் இல்லாத இடம்' என்னும் பொருள்பட அவர் இச்சொல்லைப் படைத்தார். நூலின் முகப்பில் அமைந்த சிறு செய்யுள் ஒன்று, ஏறத்தாழ அதே ஒலியுடைய வேறோர் ஒட்டைக் கொண்டு 'நல்ல இடம்' என்ற பொருளையும் அதன்மேல் ஏற்றிவிடுகின்றது. இல்லாத நாடு, நல்ல நாடு என்னும் இருபொருளும் ஒரு சொல்லில் நிற்பதே அப்பெயரின் நயமாகும்.

தமிழில் இச்சொல்லைப் பெயர்க்க முயன்றோர் இவ்விரண்டில் ஒன்றை இழக்கவே நேர்ந்துள்ளது. 'இலட்சிய உலகு', 'பொன்னுலகம்' என்பன நன்மையைக் காட்டி இன்மையை விடுகின்றன. 'கனவுலகு' இன்மையைக் காட்டி நன்மையை ஐயத்திற்கு உள்ளாக்குகின்றது. 1880-இல் வெளிவந்த எங்கெல்சின் நூலைத் தமிழாக்கியோர் கையாண்ட 'கற்பனாவாதம்' என்பதோ ஏளனத் தொனியையும் உடன் கொண்டுவந்து சேர்த்தது. அத்தொனி நம்மிடையே நிலைத்துவிட்டமையால், இலட்சிய உலகு பற்றிய எழுத்துகள் நடைமுறை அறியாதார் கண்ட கனவுகள் என ஒதுக்கப்பட்டன. மறுபுறம், இவ்வகைச் சிந்தனை மேலை நாட்டுக்கே உரியது, யுகங்கள் தேய்ந்து வருவதாகக் கருதும் இந்திய மரபில் வருங்காலப் பொன்னுலகுக்கு இடமில்லை என்ற கருத்தும் வழங்குகின்றது. இக்கட்டுரை இவ்விரு கருத்துகளையும் ஏற்கவில்லை. எல்லா இலட்சிய நாடுகளையும் ஒரே வினாவால் அளந்து பார்க்கலாம் என்பதே ஈண்டு முன்வைக்கப்படும் கருத்தாகும். அந்நாட்டில் உழுபவர் யார், சமைப்பவர் யார், கழிவை அகற்றுபவர் யார் என்பதே அவ்வினா.

தென்கடலில் ஒரு தீவு

மேலை நாட்டார் தம் இலட்சிய நாடுகளைப் பலகாலும் நம் கடற்பரப்பிலேயே வைத்துக் கண்டனர் என்பது தமிழ் வாசகர் அதிகம் அறியாத செய்தி. கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ், இயாம்புலஸ் என்னும் வணிகன் தென்கடல் தீவொன்றிற்குச் சென்ற கதையை எடுத்துரைக்கின்றார். அத்தீவினர் மீன்பிடித்தல், கைத்தொழில் முதலிய பணிகளை முறைவைத்து மாறி மாறிச் செய்தனராம். முதியோர்க்கு மட்டுமே விலக்கு. அத்தீவு இலங்கையே எனக் கருதியோர் பலர். கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி, 'தப்ரபனே'யிலிருந்து (அதாவது இலங்கையிலிருந்து) கிளாடியஸ் பேரரசனிடம் வந்த தூதர் கூறியனவாகச் சில செய்திகளைத் தருகின்றார். அங்கு அடிமைகள் இல்லை, வழக்கு மன்றங்கள் இல்லை, தானிய விலை ஏறுவதில்லை, பகலில் எவரும் உறங்குவதில்லை, மகப்பேறற்ற முதியவரையே மக்கள் அரசராகத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பன அவற்றுட் சில. தூதர் உண்மையில் இவ்வாறு கூறினரா, உரோமாபுரியின் குறைகளைச் சுட்டப் பிளினி இதனைப் பயன்படுத்திக்கொண்டாரா என்பது வேறு வினா. இலங்கை வரலாறு அறிந்தோர்க்கு இதில் எவ்வளவு கற்பனை என்பது விளங்கும்.

மோரின் நூலிலும் இக்கடல் வருகின்றது. அந்நாட்டைக் கண்டு வந்ததாகக் கதை சொல்லும் ராஃபேல் என்னும் பயணி, வெஸ்புச்சியின் கலத்தில் சென்று, தொலைநிலக் கோட்டையொன்றில் தங்கிப் பின் பல நாடுகள் சுற்றித் தப்ரபனே வந்து, அங்கிருந்து கள்ளிக்கோட்டையை அடைந்து, போர்ச்சுக்கீசியர் கப்பலேறித் தாயகம் திரும்பியதாக மோர் எழுதுகின்றார். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிப் பதினெட்டு ஆண்டுகளே கழிந்த காலம் அது. காம்பனெல்லா நேப்பிள்ஸ் சிறையிலிருந்து 1602-இல் எழுதி, 1623-இல் அச்சேறிய 'கதிரவன் நகரம்' தப்ரபனேயிலேயே அமைந்திருப்பதாகச் சொல்லப்படுகின்றது. அந்நகரத்தார் கொடுங்கோலர்க்கு அஞ்சி இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களாம்.

நாம் எழுப்பிய வினாவை இவ்விரு நூல்களிடமும் கேட்டால் மாறுபட்ட விடைகள் கிடைக்கின்றன. மோரின் நாட்டில் தனியுடைமை இல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை வீடுகளைக் குலுக்கல் முறையில் மாற்றிக்கொள்வர். பொன்னால் கழிகலங்கள் செய்வர். எவரும் நாளொன்றுக்கு ஆறு மணிநேரமே உழைப்பர். ஆயினும் விலங்கு கொல்லும் தொழிலும் பொதுச் சமையற்கூடத்தின் கடினமும் அழுக்குமான வேலைகளும் அடிமைகளிடம் விடப்பட்டுள்ளன. ஆறு மணிநேர உழைப்பு என்ற புகழ்பெற்ற ஏற்பாட்டின் அடியில் இவ்வடிமைகள் நிற்கின்றனர். காம்பனெல்லா உழைப்பை நான்கு மணிநேரமாகக் குறைத்ததோடு, அடிமைமுறையையும் நீக்கிவிடுகின்றார். கடினமான தொழிலைச் செய்பவரே அங்கு மிகுதியும் போற்றப்படுவர். கைவினைஞரை இழிந்தோராகக் கருதும் ஐரோப்பியரைக் கண்டு அந்நகரத்தார் நகைப்பர். பல்லாண்டு சிறையிருந்த துறவி ஒருவர்க்கு இத்தெளிவு வாய்த்ததில் வியப்பில்லை.

வடக்கே ஒரு நாடு

மேலை நாட்டார் தெற்கே நோக்க, தமிழர் வடக்கே நோக்கினர். சிலப்பதிகாரம் புகார் நகரின் வளத்திற்கு ஒப்பாக உத்தரகுருவைச் சுட்டுகின்றது. சமண மரபில் உத்தரகுரு போகபூமிகளுள் ஒன்று. அங்குப் பத்து வகைக் கற்பக மரங்கள் உணவு, உடை, அணி, விளக்கு, இருப்பிடம் அனைத்தும் தரும். மக்கள் ஆணும் பெண்ணுமாக இரட்டையராகப் பிறந்து இணைந்து வாழ்வர். உழவில்லை, வணிகமில்லை, அரசில்லை. உழைப்பவர் யார் என்ற வினாவுக்கு அங்கு மரமே விடை.

எனினும் சமணர் இந்நாட்டை முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. போகபூமியில் பிறந்தோர் அப்பிறவியில் வீடுபேறு எய்த இயலாது. நோன்பும் முயற்சியும் கைகூடுவது கருமபூமியிலேதான். கற்பக மரங்கள் வாடிப்போனபோது ஆதிதீர்த்தங்கரராகிய இடபதேவர் மக்களுக்கு உழவும் எழுத்தும் வாணிபமும் கற்பித்தார் எனப் புராணம் கூறும். கிறித்துவ மரபில் உழைப்பு, தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்க்கு வாய்த்த தண்டனை. இங்கோ அது அருகன் கற்பித்த கலை. இன்ப நாட்டைப் படைத்து, அதனைக் காட்டிலும் துன்பம் கலந்த இந்நிலமே மேலானது என்று அம்மரபே கூறியது, கற்பனாவாதம் என்ற ஏளனத்திற்குக் காலத்தால் மிக முந்திய மறுமொழி எனலாம்.

திருக்குறளின் 'நாடு' என்னும் அதிகாரமும் இவ்வகையில் நோக்கற்பாலது. வள்ளுவர் விளைவு குன்றாமை, தக்கார், தாழ்விலாச் செல்வர் ஆகியவற்றை முன்வைக்கின்றார். மிக்க பசியும் தீராப் பிணியும் அழிக்கும் பகையும் இல்லாமையை வேண்டுகின்றார். கற்பகமரம் எதுவும் அங்கு இல்லை. எல்லா நலனும் இருப்பினும் வேந்தனோடு பொருத்தம் இல்லையேல் பயனில்லை என்று அதிகாரத்தை முடிக்கின்றார். இஃது இல்லாத நாடன்று. அடையத்தக்க அளவில் வரையறுக்கப்பட்ட நாடு.

கம்பரின் கோசலம் வேறு வகையானது. வறுமை இன்மையால் அங்குக் கொடை விளங்கவில்லை, பகை இன்மையால் வலிமை விளங்கவில்லை, பொய் இன்மையால் வாய்மை தனித்துத் தோன்றவில்லை என எதிர்மறைகளாலேயே அந்நாடு வரையப்படுகின்றது. நகரப் படலத்தில் அவர் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். யாவரும் எல்லாச் செல்வமும் எய்தியமையால் இல்லாதவர் இல்லை என்பதோடு நில்லாமல், உடையவர் என்போரும் இல்லை என்கின்றார். செல்வம் என்பது பிறர் வறுமையோடு ஒப்பிட்டு அறியப்படும் உறவுநிலையே என்ற பொருளியல் உண்மை இவ்வொரு தொடரில் அடங்கிக் கிடக்கின்றது. அதே கம்பர் நாட்டுப் படலத்தில் உழவரைக் காட்டும் முறையோ வேறு. களை பறிக்க வயலில் இறங்கியவர், குவளையும் தாமரையும் தம் மகளிரின் கண்ணையும் முகத்தையும் ஒத்திருக்கக் கண்டு, பறிக்க மனமின்றி நிற்கின்றனர். கவிநயம் ஒப்பற்றது, ஆயினும் சேற்றில் குனிந்து நிற்கும் முதுகின் நோவு அக்காட்சியில் இல்லை. இலட்சிய நாட்டை அரண்மனையிலிருந்து காணும்போது உழைப்பு அழகாகத் தோன்றுவது இயல்பே.

கல்யாணமும் கலியும்

உழைப்பாளரே இலட்சிய உலகைச் சொல்லத் தொடங்கும்போது குரல் மாறுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிஜ்ஜளனின் தலைநகராகிய கல்யாணத்தில் பசவண்ணரைச் சூழ்ந்து திரண்ட சரணருள் செருப்புத் தைப்போர், வண்ணார், படகோட்டி, நெசவாளர், கள் இறக்குவோர் எனப் பலரும் இருந்தனர். அவர்கள் பாடிய கன்னட வசனங்களில் 'காயகம்' என்னும் கருத்து நடுநாயகமாக விளங்குகின்றது. அவரவர் உடலுழைப்பே கயிலாயம் என்னும் கூற்று ஆய்தக்கி மாரய்யருக்கு உரியதாக வழங்குகின்றது. சிந்திய அரிசியைப் பொறுக்கி அடியார்க்கு அமுது படைப்பது இவர் காயகம். ஒருநாள் தேவைக்கு மிகுதியாக அரிசி கொண்டுவந்தபோது, மனைவி இலக்கம்மை அவரைக் கடிந்து, மிகுதியை எடுத்த இடத்திலேயே கொட்டிவரச் செய்தார் என்பர். வீடுபேற்றை உழைப்புக்கு அப்பால் வைக்காமல் உழைப்பிலேயே வைத்ததும், சேமிப்பைப் பேராசையாகக் கண்டதும் இங்கு ஒருங்கே நிகழ்கின்றன. சக்கிலியராகிய அரளய்யரின் மகனுக்கும் அந்தணராகிய மதுவரசரின் மகளுக்கும் நடந்த மணத்தின் விளைவாகக் கல்யாணத்தில் குருதி சிந்தியதும் சரணர் சிதறியதும் மரபு கூறும் வரலாறு. கிரீஷ் கார்னாட் இதனை 1990-இல் 'தலெதண்ட' என்னும் நாடகமாக்கினார். வட நாட்டில் தோல் தொழிலாளராகிய ரவிதாசர் பாடிய துயரமற்ற நகரில் வரியில்லை, அச்சமில்லை, எவரும் இரண்டாம் மூன்றாம் நிலையினர் அல்லர். விரும்பிய இடத்தில் உலவலாம். உலவும் உரிமை மறுக்கப்பட்டவரே அதனை நகரின் சிறப்பாகக் கூற இயலும்.

தமிழில் இவ்வகைக்கு முதன்மைச் சான்று அகிலத்திரட்டு அம்மானை ஆகும். இலக்கிய வரலாற்று நூல்கள் இதற்கு அளித்துள்ள இடம் மிகச் சிறிது என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியுள்ளது. தென் திருவிதாங்கூரில் வைகுண்டரின் (1809-1851) காலத்தில் எழுந்து, 1939-இல் அச்சேறிய இந்நூல், சாமித்தோப்பில் கார்த்திகைத் திங்களில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பாக ஓதப்பட்டு வருகின்றது. பனையேறும் மக்கள்மீது அரசு சுமத்திய வரிகளையும் ஊதியமற்ற ஊழியத்தையும் இந்நூல் ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கின்றது. இப்பட்டியலைக் கண்முன் வைத்துக்கொண்டு படித்தால்தான் நூலின் இறுதியில் வரும் தர்மயுகம் விளங்கும். கம்பரின் எதிர்மறைகள் பொதுவானவை. அகிலத்தின் எதிர்மறைகள் ஒவ்வொன்றுக்கும் திருவிதாங்கூர் அரசின் கணக்கேட்டில் ஒரு வரி உண்டு. மேலும் யுகத் தேய்வைக் கூறும் புராணச் சட்டகத்தையே எடுத்தாண்டு, கலி அழிந்தபின் வருவதாக, மண்ணிலேயே அமைவதாகத் தர்மயுகத்தை இந்நூல் வைக்கின்றது. இந்திய மரபில் பொன்னுலகம் இறந்தகாலத்திற்கே உரியது என்னும் கூற்று இதனால் வலுவிழக்கின்றது. வைகுண்டர் அரசால் சிறை வைக்கப்பட்டவர். அனைவரும் நீராடும் பொதுக் கிணற்றையும் சமபந்தி உணவையும் தர்மயுகம் வருமுன்னரே நடைமுறைப்படுத்தியவர். 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே.

இறந்தகாலத்தை இலட்சியமாகக் கொண்டோரும் உளர். அயோத்திதாச பண்டிதர் சாதியற்ற பௌத்த நாடாக இந்திர தேசத்தைப் புனைந்துரைத்தார். பெங்களூருக்கு அருகிலுள்ள கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் நடுவே அவர் நூல்கள் பதிப்பிக்கப்பட்டுப் படிக்கப்பட்டன. பழம்பெருமை பேசுதல் என இதனை ஒதுக்குவது எளிது. நிலத்தடியில் உழைத்தோர் அதனை ஏன் விரும்பிப் படித்தனர் என்பதே ஆராய வேண்டிய செய்தி.

சென்னையில் அச்சான கனவும் மைசூரில் அளந்த நிலமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்ணொருவர் படைத்த இலட்சிய நாடு முதலில் சென்னையில்தான் அச்சாயிற்று. வங்கத்து ரொக்கேயா சகாவத் உசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு', கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் 1905-இல் வெளிவந்தது. அந்நாட்டில் ஆடவர் அந்தப்புரத்தில் அடங்கியிருக்க, பெண்கள் ஆட்சி செய்கின்றனர். ஞாயிற்றின் வெப்பத்தைத் திரட்டிச் சமைக்கின்றனர். வான ஊர்தியில் செல்கின்றனர். அலுவலக வேலைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணிநேரமே போதும், ஆடவர் ஏழு மணிநேரம் எடுத்துக்கொண்டதற்குப் புகைபிடித்தலே காரணம் என்பது ஆசிரியரின் குறும்பு. எனினும் வீட்டு வேலை ஆடவர்மீது மாற்றி ஏற்றப்படுகின்றதேயன்றி நீக்கப்படுவதில்லை. பாரதியாரின் 'ஞானரத'மும் இக்காலத்ததே. அது பல உலகங்களைக் காணும் பயணமாக அமைந்திருப்பினும் அதன் நாட்டம் பெரிதும் மனநிலைகளைப் பற்றியதாதலின் ஈண்டு விரித்துரைக்கப்படவில்லை.

ஏட்டில் நில்லாமல் மண்ணில் அளந்து வகுத்த முயற்சியொன்றும் பெங்களூரை ஒட்டியே நிகழ்ந்தது. ஒக்கலிபுரத்தின் ஓரமாகச் செல்லும் சென்னை இருப்புப்பாதையில் கிழக்கே சென்றால் வரும் ஒயிட்ஃபீல்டு, யூரேசியர், ஆங்கிலோ-இந்தியர் சங்கத்தை நிறுவிய டி. எஸ். ஒயிட் என்பவரின் பெயரால் வழங்குவது. அரசுப் பணியையே நம்பியிருந்த தம் மக்கள் உழவால் தன்னிறைவு பெற்ற சிற்றூர்களில் வாழவேண்டும் என்பது அவர் கருத்து. சாமராஜேந்திர உடையாரின் மைசூர் அரசு 1882-இல் 3,900 ஏக்கர் நிலம் வழங்கியது. நடுவே வட்டமான திடலும், சுற்றிலும் தோட்டத்தோடு கூடிய வீடுகளுமாக ஊர் வகுக்கப்பட்டது. வந்து குடியேறியோர் சிலரே. இளைஞர்கள் இருப்புப்பாதைப் பணிக்கும் தங்கவயலுக்கும் சென்றனர். வட்டம் சரியாகவே வரையப்பட்டிருந்தது. உழவைத் தம் தொழிலாக ஏற்கும் மனம் அதற்குள் அமையவில்லை. 1990-களில் அப்பகுதியில் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தபின், வட்டத்தின் எச்சம் கட்டடங்களுக்கிடையே தேடிக் காண வேண்டியதாயிற்று.

வருங்காலத்தை நோக்கித் தமிழில் எழுந்த நூல்களுள் பெரியாரின் 'இனிவரும் உலகம்' தனித்து நிற்பது. 1940-களின் முற்பகுதியில் வெளிவந்த இச்சிறுநூலில், ஒவ்வொருவரும் உடன் கொண்டு செல்லும் கம்பியில்லாத் தொடர்புக் கருவி, உருவத்தைக் கண்டவாறே பேசுதல், ஓரிடத்திலிருந்து பல இடத்தார்க்குக் கற்பித்தல், உடற்சேர்க்கையின்றிப் பிள்ளைப்பேறு ஆகியன முன்னுரைக்கப்பட்டன. மேடைகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுவன இவையே. நூலின் உயிர்நாடி இவற்றில் இல்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. செல்வர் வறியர் இல்லை, காசு இல்லை, அரசன் இல்லை என்றால் இழிவான வேலைகளைச் செய்வது யார் என்னும் வினாவை அவர் தயங்காது எதிர்கொள்கின்றார். துன்பமும் இழிவும் தரும் வேலைகளை இயந்திரம் ஏற்கும் என்கின்றார். மோர் அடிமையிடம் விட்ட வேலை அது. உத்தரகுருவில் எழவே எழாத வேலை. சாதிச் சமூகமோ பிறப்பால் ஒரு சிலர்க்கு ஒதுக்கிய வேலை. பெரியாருக்கு இயந்திரம் வியப்புப் பொருளன்று. சாதியின் இறுதிப் பிடியை அறுக்கும் கருவி. கருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டு இவ்வினாவை விட்டுவிடும் மேற்கோள்கள் நூலைப் பாதியாக்கிவிடுகின்றன.

அவர் முன்னுரைத்த கருவி இன்று ஒக்கலிபுரத்துத் தெருக்களில் எவர் சட்டைப்பையிலும் உள்ளது. மற்றொன்றின் வரலாறு வேறு. 1970-களின் முற்பகுதியில் கர்நாடக அமைச்சர் பி. பசவலிங்கப்பா தலையில் மலம் சுமக்கும் வழக்கத்தைத் தடை செய்தார். நாடு முழுமைக்குமான தடைச்சட்டம் 1993-இல் இயற்றப்பட்டது. அது போதாமையால் 2013-இல் இரண்டாவது சட்டம் வந்தது. கழிவுநீர்க் குழியில் இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகை முப்பது இலட்சமாக உயர்த்தப்பட்டது.